அல்போன்சாவுக்கு இவ்வளவு பில்டப் தேவையா என்று கேட்பது தப்பா?

வணக்கம். ஒரு டஜன் அல்போன்சா மாம்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்று நீங்கள் கேட்க, "ருசி ஆளுக்கு ஆள் மாறும், அப்படிச் சொல்வதே அர்த்தமில்லாத பேச்சு" என்று நண்பர் வாயை அடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் அது உங்கள் நாக்கோடு முடிந்தது. 'தகுதிக்கு மீறிய பேர்' என்றால் அந்தப் பேரைப் பற்றிய பேச்சு. கொடுத்த காசில் பழத்துக்கு எவ்வளவு, அது விளையும் ரத்னகிரி, தேவ்கட் என்ற ஊர்ப் பெயருக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கலாம். 1976ல் பாரிஸில் லேபிளை மறைத்து ஒயின் ருசி பார்த்தபோது, பிரெஞ்சு நடுவர்களே பேர்போன பிரெஞ்சு ஒயின்களைத் தாண்டி கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பேர் நாக்கை எவ்வளவு இழுக்கிறது என்று அங்கே தெரிந்தது.

ஆனால் ஒன்று கேட்கணும். உங்கள் பழத்தில் கொட்டையை ஒட்டி வெளுத்து, பஞ்சு மாதிரி, புளிப்பாகச் சதை இருந்ததா? அது அல்போன்சாவில் அடிக்கடி வரும் கோளாறு, தோலைப் பார்த்தால் தெரியாது. அப்படி இருந்திருந்தால் அந்த ரகத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள், பாவம்.

அடுத்த சீசனில் இமாம் பசந்தும் அல்போன்சாவும் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்கி, தோல் சீவித் துண்டு போட்டு, எது எதென்று சொல்லாமல் நண்பருக்குக் கொடுங்கள். அல்போன்சாவின் குங்குமப்பூ நிறம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அவர் கண்ணைக் கட்டிவிடுங்கள்.