எங்கள் ஊருக்குக் காந்தி வந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரியவர்கள் எல்லாரும் "வந்தார், வந்தார்" என்கிறார்கள், கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை, எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் தமிழ்நாட்டில் என்பதால் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 1915இல் இந்தியா திரும்பியதிலிருந்து அவர் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்பது பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. அ. இராமசாமியின் 'தமிழ்நாட்டில் காந்தி' நூலை முதலில் தேடிப் பிடியுங்கள். நூறு தொகுதிகளாக வந்துள்ள காந்தி எழுத்துகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் ஊர்ப் பெயரை வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதமாக இருக்கும், கண்ணில் படாமல் போய்விடும். ஆண்டைப் பிடிப்பதுதான் முதல் வேலை. தமிழ்நாட்டில் ஊர் ஊராக அவர் அதிகம் சுற்றியது இரண்டு தடவை: கதர் நிதிக்காக 1927இல், ஹரிஜன நிதிக்காக 1934இல். சின்ன ஊர் என்றால் நான் இந்த இரண்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டுப் பயனில்லை. "என்ன உடுத்தியிருந்தார்?" என்று கேளுங்கள். அவர் மதுரையில் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22. தலைப்பாகையோடு பார்த்ததாகத் தாத்தா சொல்லியிருந்தால் அதற்கு முந்தைய பயணங்களைத் தேட வேண்டும். கிழமையும் உதவும். திங்கட்கிழமை அவருக்கு மௌன நாள். பொட்டலில் ஒரு மணி நேரம் முழங்கினார் என்று சொல்லப்படும் தேதி திங்கட்கிழமையில் விழுந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

எங்கள் பக்கம், அதாவது திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், "உப்பு எடுக்கப் போகும்போது காந்தி இந்த வழியாகத்தான் நடந்து போனார்" என்று சத்தியம் செய்வார்கள். 1930 ஏப்ரலில் அவர் குஜராத்தில், தண்டிப் பக்கம் இருந்தார். இங்கே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது ராஜாஜியும் தொண்டர்களும். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்ட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தச் சோறு கட்டிய வீட்டுப் பேரப்பிள்ளைகள்தான் இன்று காந்தி வந்தார் என்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, நடந்தது நிஜம், ஆள்தான் வேறு.

காந்தி மைதானம், காந்தி ரோடு, சிலை இதெல்லாம் ஆதாரத்தில் சேராது. 1948க்குப் பிறகு அந்தப் பெயர் வைக்காத ஊர் ஏது?

ஆண்டு ஓரளவு பிடிபட்டதும், முதல் நாள் எங்கே இருந்தார், மறுநாள் எங்கே என்று பார்த்து நடுவில் உங்கள் ஊர் வருகிறதா என்று வரைபடத்தில் ரயில் பாதையையும் ரோட்டையும் ஓட்டிப் பாருங்கள். வந்தால் அந்த வாரத்து 'இந்து', 'சுதேசமித்திரன்' இதழ்களில் தேடலாம். 1927 என்றால் 'யங் இந்தியா', 1934 என்றால் 'ஹரிஜன்' இதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன. காங்கிரஸ்காரர்களைவிட ஆங்கில அரசின் போலீஸ்காரர்கள் ஒழுங்காகக் குறிப்பெழுதியிருக்கிறார்கள்!

அப்புறம், 'வந்தார்' என்றால் என்ன என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ரயில் இரண்டு நிமிஷம் நின்றபோது ஜன்னல் வழியே கும்பிட்டதையும் பல ஊர்கள் வருகைக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. நானாக இருந்தால் சேர்த்துக்கொள்வேன், ஆனால் கல்வெட்டு வைக்கும்போது 'ஸ்டேஷனில்' என்று எழுதச் சொல்வேன்.