பச்சை வெள்ளைப் பட்டைகளும் தீட்டா (θ) போன்ற குறியும் கொண்ட கொடி எதைக் குறிக்கிறது?

இது அமெரிக்காவில் பிறந்த சூழலியல் கொடி. இதில் முக்கியமானது அந்தக் குறிதான். கேலிச்சித்திரக்காரர் ரான் காப் 1969-இல் அதை வரைந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஃப்ரீ பிரஸ் இதழில் வெளியிட்டார். சுற்றுச்சூழல், உயிரி ஆகிய இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளான 'இ' (E), 'ஓ' (O) இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். கிடைத்த வடிவம் கிரேக்க எழுத்தான தீட்டாவைப் போல அமைந்தது. உயிரையும் அதன் சூழலையும் பிரிக்க முடியாது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன சின்னம் வேறில்லை என்பேன். அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கினார் காப். அந்தப் பெருந்தன்மைதான் அதை வேகமாகப் பரப்பியது என்பது என் கருத்து.

1970 ஏப்ரலில், முதல் பூமி நாளையொட்டி, லுக் இதழ் இச்சின்னத்தைக் கொடியில் ஏற்றியது. அமைப்பு அமெரிக்கத் தேசியக் கொடியுடையதே: சிவப்புப் பட்டைகளுக்குப் பதில் பச்சை, நட்சத்திரங்கள் இருந்த மூலையில் மஞ்சள் நிறக் குறி. வியட்நாம் போர் எதிர்ப்பால் நாடே கொந்தளித்த காலம் அது. தேசியக் கொடியின் வடிவத்தையே எடுத்து, நாட்டுப்பற்று என்பது மண்ணையும் நீரையும் காப்பதும்தான் என்று உரிமையோடு சொன்ன துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீலத் துணியில் பூமியின் ஒளிப்படம் உள்ள கொடி வேறு. அது ஜான் மெக்கானெல் உருவாக்கிய பூமிக் கொடி; இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.