படைக்கு முன் அரிசி: வியூக விளையாட்டுக் கேள்வி பதில்

வியூக விளையாட்டுகள், அவற்றை வாங்கும் முறை, போர் அரசியல் ஆகியவை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். காரைக்குடியில் பகலில் கணக்கு எழுதுகிறவன் நான், இரவில்தான் போர். துப்பாக்கி விளையாட்டு, கிரிக்கெட் விளையாட்டு பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், எனக்கு அதில் பழக்கம் இல்லை. தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: வெளிவராத விளையாட்டுக்கு முன்பதிவு செய்து பணம் கட்டாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சிலமுறை சொல்வேன்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் கணினியிடமே தோற்கிறேன். எந்தப் படையைக் கட்டினால் ஜெயிக்கலாம்?

தம்பி, படையைப் பற்றிய கேள்வி பதினைந்தாம் நிமிடத்தில்தான் வருகிறது. நீங்கள் அதற்கு முன்பே தோற்றுவிடுகிறீர்கள். ஒரு கிராமவாசியை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். நகர மையம் இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் ஏறக்குறைய ஐந்து பேர் குறைவு. அந்த ஐந்து பேர் வெட்டாத மரமும் அறுக்காத விளைச்சலும் ஆட்டம் முழுவதும் உங்களைத் துரத்தும். எனவே முதல் பத்து நிமிடம் போரை மறந்துவிட்டு, நகர மையம் ஓயாமல் ஆள் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்து, சேர்த்த உணவையும் மரத்தையும் தேக்கி வைக்காதீர்கள். ஆயிரம் மரம் கையிருப்பில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவன், கட்டியிருக்க வேண்டிய வில்லாளர் கூடத்தைக் கட்டாதவன். தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். எதிரியின் திறமையைக் காட்டிலும் உங்கள் நகர மையத்தின் தூக்கம்தான் கண்ணில் படும்.

பள்ளத்தூர்: அதே விளையாட்டில் திராவிடர் நாகரிகம் வலுவானதா? சோழர் என்பதால் கேட்கிறேன்.

2022-இல் வந்த கூடுதல் தொகுப்பில்தான் இந்தியர் என்ற ஒற்றை நாகரிகம் பிரிந்து திராவிடர், வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என நான்கானது. திராவிடருக்கு ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இலவசம். உருமி வீச்சுக்காரரும் திரிசடை என்ற போர்க்கப்பலும் அவர்களுக்கே உரியவை. நீர் இருக்கும் வரைபடத்தில் எடுத்தால் மகிழ்ச்சி. திறந்த வெளி வரைபடத்தில் எடுத்தால் எதிரியின் குதிரைப்படை ஓட ஓட விரட்டும், ஏனென்றால் திராவிடருக்குக் கனரகக் குதிரை வீரர் கிடையாது. இது அநியாயம் என்று சிலருக்குக் கோபம். எனக்குக் கோபமில்லை. தமிழ்நாட்டு அரசர்கள் நல்ல குதிரைகளை அரபு நாட்டு வணிகர்களிடமிருந்து கப்பலில் வரவழைத்தவர்கள். வாங்கிய குதிரை செலவுள்ள குதிரை.

ராஜேந்திரனின் கதைத் தொடரை ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்கள் மீது நடந்த படையெடுப்பை விளையாட்டு ஒரு வீரனின் பயணமாகக் காட்டுகிறது. அந்தக் கடல்வழியில் ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையே அவர்கள் விட்டுச் சென்றிருக்கிறார்கள். கொண்டு விற்கப் போனவர்கள் அறிந்த கடலில்தான் கப்பற்படையும் போனது.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பேரன் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டு வாங்கித் தரச் சொல்கிறான். பணம் கொடுத்து வாங்கினால் அது நம்முடையதுதானே?

ஆச்சி, உங்களுக்குக் கிடைப்பது பட்டா அல்ல, அனுபவ பாத்தியதை. நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று 2024 முதல் ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் எழுதிவிடுகிறது. பேரனுக்கு வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அவசரம் வேண்டாம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். சில ஆண்டு பழைய விளையாட்டுகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். யு.பி.ஐ. மூலமே கட்டலாம், வங்கி அட்டை எண்ணைக் கணினியில் சேமித்து வைக்க வேண்டாம். வெளிவராத விளையாட்டுக்கு இப்போதே பணம் கட்டினால் ஒரு தங்க வாள் இலவசம் என்று பேரன் சொன்னால், அந்த வாளுக்கு என்ன விலை என்று கேளுங்கள்.

புதுவயல்: என் லேப்டாப்பில் 4 ஜி.பி. ரேம்தான். எது ஓடும்?

பேட்டில் ஃபார் வெஸ்னாத், ஃப்ரீசிவ். இரண்டும் இலவசம். கைப்பேசி என்றால் அன்சிவ், அதுவும் இலவசம்.

திருப்பத்தூர்: சிவிலைசேஷன் 6-இன் உச்சக் கடினத்தில் கணினி ஏமாற்றுகிறதா?

ஏமாற்றவில்லை, உங்கள் கண்ணெதிரிலேயே சலுகை வாங்கிக்கொள்கிறது. நீங்கள் ஒரு குடியேறியோடு தொடங்கும்போது அது மூன்று பேரோடு தொடங்கும். உற்பத்தியிலும் சண்டையிலும் கூடுதல் பலம் வேறு. ஆனால் புத்தி கூடுவதில்லை. மலைக் கணவாயில் இரண்டு வில்லாளரை நிறுத்தினால் ஒவ்வொரு படையாக வந்து செத்துக்கொண்டே இருக்கும். முதல் ஐம்பது சுற்றுகளைத் தாக்குப்பிடியுங்கள், பிறகு உங்கள் பாடு சுகம்.

மதுரை: முதல் சிவிலைசேஷனில் காந்தி அணுகுண்டு போடுவார் என்பது நிரல் பிழையாலா?

இல்லை. அது கட்டுக்கதை என்று விளையாட்டை உருவாக்கிய சிட் மையரே 2020-இல் எழுதிவிட்டார். ஐந்தாம் பாகத்தில்தான் வேண்டுமென்றே வேடிக்கையாக அப்படி அமைத்தார்கள்.

கண்டனூர்: 4 ஜி.பி. ரேமில் இரண்டாம் உலகப் போர் விளையாட்டான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 ஓடுமா?

ஊர்ந்து செல்லும். புதுவயல்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

காளையார்கோயில்: ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் ஜப்பானை எடுத்து இம்பாலை எளிதாகப் பிடித்துவிட்டேன். உண்மையிலும் இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் நேதாஜியின் படை டெல்லிக்குப் போயிருக்கும் அல்லவா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஐயா, நீங்கள் பிடித்தது இம்பால் என்ற பெயருள்ள ஒரு கட்டம். 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முட்டகுச்சி மூன்று டிவிஷன்களைப் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டி அனுப்பினார். கையில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவு. மாடுகளை ஓட்டிச் சென்று சுமையும் ஏற்றலாம், பிறகு சாப்பிடவும் செய்யலாம் என்பது திட்டம். பல மாடுகள் ஆற்றோடு போயின. மூன்று வாரத்துக்குள் இம்பாலின் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்து அங்கேயே சாப்பிட வேண்டும் என்பதுதான் முழுக் கணக்கும். ஏப்ரல் 14-இல் இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் நேதாஜி படையின் கொடி ஏறியது உண்மை. அதே நாட்களில் முற்றுகைக்குள் இருந்த பிரிட்டிஷ் படைக்கு விமானத்தில் உணவு வந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. கோஹிமாவில் இருந்த ஜப்பானியத் தளபதி சாட்டோ, அரிசி வரவில்லை என்பதற்காக மே கடைசியில் மேலிட உத்தரவை மீறியே பின்வாங்கினார். ஜூன் 22-இல் பிரிட்டிஷார் கோஹிமா-இம்பால் சாலையைத் திறந்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் என்கிறீர்கள். அந்த மாதத்தில் மழை இருந்தது, மலேரியா இருந்தது, சோறு இல்லை. மலாயா தோட்டங்களிலிருந்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களின் துணிவில் எனக்கு ஐயமே இல்லை. அரிசி கொண்டுபோகாத திட்டத்தின் மீதுதான் கோபம். 2021-இல் வந்த தொகுப்புக்குப் பிறகு இந்த விளையாட்டில் ரயில் பாதையும் விநியோக மையமும் மாற்றி அமைக்கப்பட்டன. விநியோக வரைபடத்தைத் திறந்து பர்மா எல்லையைப் பார்த்துவிட்டு மறுபடி படையெடுங்கள்.

கோட்டையூர்: எங்கள் குடும்பத்தார் 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள். விளையாட்டில் பர்மாவைக் காப்பாற்ற வழி உண்டா?

விளையாட்டில் உண்டு. பிரிட்டிஷ் ராஜ்ஜியமாக ஆடி 1941-க்குள் பர்மாவில் ரயிலும் படையும் குவித்தால் முடியும். ஆனால் நடந்து வந்த அந்த லட்சக்கணக்கான மக்கள் திரையில் எங்கும் தெரிய மாட்டார்கள். மார்ச் 8-இல் ரங்கூன் விழும்போது ஒரு கட்டத்தின் நிறம் மாறும், அவ்வளவுதான். பர்மா அரிசி நின்றது, ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று வங்காளத்தில் படகுகளைப் பறிமுதல் செய்தார்கள், 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஒரு துறைமுகம் விழுந்ததன் விலை எத்தனை மைல் தள்ளிப் போய் வசூலாகியிருக்கிறது பாருங்கள்.

நம் வீடுகளில் பேசத் தயங்குகிற பகுதியும் உண்டு. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது 25 சதவீதமானது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர், லேவாதேவிக்குப் போனவர்கள். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாததால் அடமான நிலம் கைக்கு வந்தது. நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கம் எதற்கு? போருக்கு முன்பே கசப்பு விளைந்திருந்தது. 1948-இல் நிலங்கள் தேசியமாக்கப்பட்டபோது அதற்கு மக்கள் ஆதரவு இருந்தது. இந்த மூன்று தலைமுறைக் கதையை ஆட்டமாக்க யாராவது முன்வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன், முன்பதிவு மட்டும் செய்ய மாட்டேன்.

காளையார்கோயில் (மறுபடியும்): எல்லாவற்றையும் அரிசிக் கணக்காகப் பேசுகிறீர்கள். மருது சகோதரர்கள் எந்த விநியோக மையத்தை வைத்துக் கொண்டு வெள்ளையரை எதிர்த்தார்கள்?

காட்டை வைத்துக்கொண்டு. உங்கள் ஊர்க் காடுதான். 1801-இல் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது; மருதுவின் ஆட்களே தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். தங்க இடமும் தானியமும் கிடைக்கக் கூடாது என்பதற்குத்தான். அங்கிருந்து காளையார்கோயிலுக்கு மரத்தை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டு முன்னேற கம்பெனிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் போராடியது. வெட்டுகிற ஒவ்வொரு நாளும் தாக்குதல். கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார்கள். எதிரியின் வண்டி வரும் பாதையை இல்லாமல் செய்வதும் விநியோகப் போர்தான். மருதுவை அந்தக் கணக்குத் தெரியாதவர்களாகக் காட்டுகிறவர் நீங்கள்தான், நான் அல்லேன்.

பிறகு என்ன ஆனது? செப்டம்பரில் படமாத்தூர் உடையத் தேவரை அழைத்து வந்து சிவகங்கைக்கு உரிமையுள்ள அரசர் இவரே என்று கம்பெனி அறிவித்தது. ராஜ விசுவாசம் உள்ளவர்கள் பிரிந்தார்கள். அக்டோபர் 1-இல் காளையார்கோயில் விழுந்தது, 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கு. கோடாரியால் முடியாததை ஒரு பட்டாபிஷேகம் பாதி முடித்துக் கொடுத்தது. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற வியூக விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இது புரியும்: உரிமைக் காரணம் இல்லாமல் போர் அறிவித்தால் உங்கள் நாட்டின் நிலைத்தன்மை இரண்டு புள்ளி குறையும். அதனால்தான் படை திரட்டும் முன் ஒற்றர்களை அனுப்பிப் பொய்யாகவாவது ஓர் உரிமையை ஜோடிக்கிறோம். அதைச் சலிப்பான வேலை என்று தவிர்க்கிறவர்கள் படமாத்தூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை: போர்க் காட்சி என்று கைப்பேசியில் வரும் காணொளிகள் விளையாட்டிலிருந்து எடுத்தவை என்கிறார்களே?

பல அப்படித்தான், பெரும்பாலும் ஆர்மா 3 என்ற போர் விளையாட்டு. அதை உருவாக்கிய போஹீமியா நிறுவனமே 2022 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. மங்கலான இரவுக் காட்சி, ஆடும் படப்பிடிப்பு, மனிதர்களே இல்லாத களம் என்றால் பகிர்வதற்கு முன் நில்லுங்கள்.

குன்றக்குடி, ஆசிரியை: இவற்றை ஆடும் பிள்ளைகளுக்குப் போர் வெறி வராதா?

அதை அளந்து சொல்ல உளவியல் படித்தவர் வேண்டும் அம்மா, நான் இல்லை. முற்றுகை நகரத்தின் சாதாரண மக்களாக ஆட வைக்கும் திஸ் வார் ஆஃப் மைன் என்ற விளையாட்டைப் போலந்து அரசு 2020-இல் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. முதலில் நீங்கள் ஆடிப் பாருங்கள்.

ஆ. தெக்கூர்: அண்ணே, 4 ஜி.பி. ரேமில்…

மேலே. இரண்டு இடத்தில்.

கோயம்புத்தூர்: யூரோப்பா 4-க்கு எத்தனை கூடுதல் தொகுப்புகள் வாங்க வேண்டும்? விலையைக் கூட்டினால் தலை சுற்றுகிறது.

கூட்டாதீர்கள். மாதச் சந்தா இருக்கிறது, எல்லாத் தொகுப்பும் அதில் அடக்கம். ஒரு மாதம் ஆடிவிட்டு எது இல்லாமல் முடியாது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் தள்ளுபடியில் வாங்குங்கள்.

காளையார்கோயில் (மூன்றாம் முறை): பேச்சு போதும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் காட்டு வரைபடம் ஒன்று வைத்துக்கொள்வோம். நான் மருது, நீங்கள் அக்னியூ. தயாரா?

தயார். ஆனால் மருது நான். மரம் வெட்டிச் சாலை போடும் வேலை உங்களுக்கு. விளையாட்டு இன்னும் கையில் இல்லை என்றால் டிசம்பர் தள்ளுபடி வரை பொறுத்துக்கொள்கிறேன்.