காசும் காகிதமும்

ஐயா,

பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமாகி, அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அங்கே 1790களிலிருந்து 1850கள் வரையான அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்கள் கொஞ்சம் வாங்கினேன். கூடவே ஒரு ஷூ பெட்டி நிறைய குறிப்பு நோட்டுகள், ரசீதுகள், ஏலப் பட்டியல்களைச் சும்மா கொடுத்தார்கள். ஒவ்வொரு காசும் ஒரு சின்னக் காகித உறையில் இருந்தது. எடுத்து ஆல்பத்தில் அடுக்கிவிட்டேன். கறுத்தவற்றைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? தரமதிப்பீட்டுக்கு அனுப்பினால் 70க்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? காகிதங்களைக் குப்பையில் போட்டுவிடச் சொல்கிறாள் மனைவி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூற்றாண்டாகப் படிந்த பழுப்பைத் தேய்த்தால், விலையும் சேர்ந்து தேயும். தரமதிப்பீட்டை இப்போது விடுங்கள். எனக்குக் கோபம் அந்த ஆல்பத்தின் மேல்தான். உறையிலிருந்து ஏன் ஐயா எடுத்தீர்கள்?

நீங்கள் 70 என்று எழுதியதும் எனக்கு வில்லியம் ஷெல்டன் ஞாபகம் வந்துவிட்டார். சில வாரங்களாக அவர் விவகாரத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். 1949இல் இந்தக் கணக்கைப் போட்டவர் அவர். 1794ஆம் வருடத்து சென்ட் ஒன்று தேய்ந்து அடையாளம் மட்டும் தெரிகிற நிலையில் ஒரு டாலர் பெறுமென்றால், குறையே இல்லாதது 70 டாலர் பெறும் என்று வைத்தார். இன்று அமெரிக்காவில் காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுவது அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஷெல்டன் உளவியலாளர். கல்லூரி மாணவர்களை உடையில்லாமல் படமெடுத்து, உடல்வாகை மூன்று எண்களில் வகைப்படுத்தியவர்.

பிட்ஸ்பர்க்கில் அலுமினியத் தொழிலில் பணம் பார்த்த ஜார்ஜ் கிளாப், தன் பெரிய சென்ட்களை 1940களில் நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் கழகத்துக்குக் கொடுத்தார். ஷெல்டனுக்கு அங்கே தாராளமாகப் போய்வர அனுமதி இருந்தது. நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அவர் 1977இல் இறந்து வெகுநாள் கழித்துத்தான் இது வெளியே வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட காசுகள். விஷயம் கலிபோர்னியா நீதிமன்றம்வரை போனது.

எப்படிப் பிடித்தார்கள்? பழைய படங்களையும் பதிவுகளையும் வைத்து. அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். அதனால் ஒரே வருடத்துக் காசிலேயே எத்தனையோ வகை. 1794இல் ஒரு வகையின் பின்பக்க விளிம்பில், சுற்றிலும் உள்ள பல் போன்ற வரிகளுக்கு நடுவே 94 குட்டி நட்சத்திரங்கள் இருக்கும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். வகை ஒன்றாகவே இருந்தாலும், காசிலுள்ள முகத்தின் கன்னத்தில் ஒரு கீறல், விளிம்பில் ஒரு நசுங்கல் என்று ஒவ்வொரு காசுக்கும் தனி அடையாளம் உண்டு. அவற்றைப் படமெடுத்தும் குறித்தும் வைத்திருந்தார்கள். மனித உடம்பைப் படம்பிடித்து வகைபிரித்த மனுஷரைப் படங்களே காட்டிக்கொடுத்தன. இதைவிடப் பொருத்தமான தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

பால்டிமோரின் கேரட் குடும்பம் சேகரித்த காசுகள் 1979 முதல் 1981 வரை ஏலத்தில் நாலா பக்கமும் சிதறிப் போயின. ஆனால் அவர்கள் வணிகர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்து தங்கியது. எந்தக் காசுக்கு யார் கெஞ்சினார், யார் பேரத்தில் முறைத்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. காசு அதைச் சொல்லாது. ஏலப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய விலையையும் உங்கள் மனைவி குப்பை என்றுதான் நினைத்திருப்பார். அவர் மேல் தப்பில்லை, நீங்கள் சொல்லவில்லை.

உங்கள் பெரியவர் ஒரு காசை யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்று அந்த உறையில்தான் எழுதியிருப்பார். சில வணிகர்கள் கொள்முதல் விலையை எழுத்துக் குறியீட்டில் மறைத்து எழுதுவார்கள்; புரியாத எழுத்து இருந்தாலும் கிறுக்கல் என்று எறிந்துவிடாதீர்கள். காசையும் உறையையும் பிரித்துவிட்டீர்கள். ஒரு மனுஷன் வருடக்கணக்கில் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து செய்த வேலை ஐயா அது. கொஞ்சம் மரியாதை வேண்டாமா?

சரி, இன்னும் வழி இருக்கிறது. உறைகளை வெளியே போடாமல் வைத்திருந்தால், அவற்றில் உள்ள வருடத்தையும் வகை எண்ணையும் வைத்துப் பெரும்பாலானவற்றைப் பொருத்திவிடலாம். ஒவ்வொரு காசையும் விளிம்பில் மட்டும் பிடித்து இரண்டு பக்கமும் படமெடுங்கள். எடை பாருங்கள்: 1795 கடைசிவரை சுமார் 13.5 கிராம், அதன்பின் சுமார் 10.9. குறிப்பு நோட்டுகளை முதல் பக்கத்திலிருந்து படம்பிடித்து எனக்கு அனுப்புங்கள். விலையை அப்புறம் பேசலாம். மனைவியிடம் பெட்டியை நான் கேட்டதாகச் சொல்லி, குப்பை வண்டி வருவதற்குள் அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.