ஸ்டாலினின் மரணமும் கொரியப் போரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கொரியப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்த பிறகுதான் போர்நிறுத்தத்துக்கு வழி பிறந்தது என்று ஒரு வரி வருகிறது. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அணுகுண்டைக் காட்டி மிரட்டியதால்தான் சீனா இறங்கி வந்தது என்று நான் படித்திருக்கிறேன். எது சரி? இன்னொன்று. எங்கோ ஒரு வயதான தலைவருக்கு உடம்பு சரியில்லை என்றாலே, அவர் போனால் இந்தப் போர் நின்றுவிடும், அந்தப் போர் நின்றுவிடும் என்று தொலைக்காட்சியில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு மனிதரின் சாவுக்கு அவ்வளவு சக்தி உண்டா?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே உங்கள் முதல் கேள்வி பெருமளவு தெளிந்துவிடும்.

1951 கோடையிலேயே போர்முனை, போருக்கு முன் இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது அட்சரேகையை ஒட்டி அசையாமல் நின்றுவிட்டது. ஜூலை 10 அன்று கேசோங்கில் பேச்சுவார்த்தை தொடங்கி, பிறகு பன்முன்ஜோமுக்கு மாறியது. மற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாக முடிவாகிக் கடைசியில் போர்க்கைதிகளில் வந்து சிக்கியது. ஊர் திரும்ப விரும்பாத சீன, வட கொரியக் கைதிகளைக் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. எல்லோரையும் அனுப்பியே ஆகவேண்டும், ஜெனீவா ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது என்றது சீனாவும் வட கொரியாவும் அடங்கிய எதிர்த்தரப்பு. இந்த ஒரு சிக்கலை வைத்து ஓராண்டுக்கும் மேலாக, அதே குன்றுகளைப் பிடிப்பதும் இழப்பதுமாக இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

போரை நீட்டிக்க விரும்பியது யார்? 1952இல் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் முடித்துக்கொள்ளவே விரும்பினார். அவருடைய நாட்டை அமெரிக்க விமானங்கள் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தன. அந்த ஜூனில் யாலு ஆற்றின் சுய்ஹோ நீர்மின் நிலையமும் தாக்கப்பட்டது. மாவோ கைதிகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மறுத்தார், ஆனால் போர்ச்செலவு சீனாவையும் அழுத்தியது. அவசரமே இல்லாதவர் மாஸ்கோவில் இருந்தார். போர் நீண்டால் சீனப் படைகள் நவீனப் போர்முறையைக் கற்றுக்கொள்ளும், அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசும் ஆட்டம் காணும் என்று 1951 ஜூனில் மாவோவுக்கு அனுப்பிய தந்தியில் ஸ்டாலின் சொல்கிறார். 1952 ஆகஸ்டில் சீனப் பிரதமர் சூ என்லாய் மாஸ்கோவுக்குப் போனபோது, உயிர்ச்சேதத்தைத் தவிர வட கொரியர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்று அவரிடம் ஸ்டாலின் சொன்னார். அந்தச் சந்திப்பின் குறிப்பு பின்னாளில் சோவியத் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. லட்சக்கணக்கான உயிர்களை அவர் இழப்பாகவே எண்ணவில்லை.

அந்த டிசம்பரில் இந்தியாவின் சார்பில் வி.கே. கிருஷ்ண மேனன் கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் பெரும் ஆதரவோடு நிறைவேறியது. கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்பது அதன் சாரம். சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி கடுமையாகத் தாக்கினார். சீனாவும் நிராகரித்தது.

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். மார்ச் 19 அன்று, அதாவது இரண்டே வாரத்தில், போரை முடிக்கும் முடிவை எடுத்து மாவோவுக்கும் கிம்முக்கும் கடிதம் அனுப்பியது சோவியத் அமைச்சரவை. நோயுற்ற, காயம்பட்ட கைதிகளை முதலில் பரிமாறிக்கொள்ளலாம் என்று அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க் பிப்ரவரி 22 அன்று எழுதிய கடிதம் பதிலில்லாமல் கிடந்தது. மார்ச் 28 அன்று அதற்குச் சம்மதம் வந்தது. இறுதிச்சடங்குக்காக மாஸ்கோ போய்த் திரும்பியிருந்த சூ என்லாய், ஊர் திரும்ப விரும்பாதவர்களை ஒரு நடுநிலை நாட்டிடம் விடலாம் என்று மார்ச் 30 அன்று அறிவித்தார். நான்கு மாதங்களுக்கு முன் அவர்களே தூக்கியெறிந்த மேனனின் யோசனைக்கு மிக நெருக்கமான ஏற்பாடு அது.

இப்போது அணுகுண்டுக் கதைக்கு வருவோம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ் டெல்லியில் நேருவைச் சந்தித்து, அவர் வழியாகச் சீனாவுக்கு எச்சரிக்கை அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. அப்படி எந்தச் செய்தியையும் தான் கடத்தவில்லை என்று நேரு மறுத்தார். அது இருக்கட்டும், அந்தச் சந்திப்பு நடந்ததே மே மாதப் பிற்பகுதியில்தான். மாஸ்கோ முடிவெடுத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்க அழுத்தம் கடைசிக்கட்டப் பேரத்தை விரைவுபடுத்தியிருக்கலாம். கதவைத் திறந்தது அது அல்ல என்பதே என் முடிவு.

ஆனால் மார்ச் 19க்கும் போர்நிறுத்தம் கையெழுத்தான ஜூலை 27க்கும் நடுவே நான்கு மாதம் இருக்கிறது. களத்தில் இருந்தவர்களுக்கும் தனித்தனியே விருப்பங்கள் இருந்தன. ஒப்பந்தமே வேண்டாம் என்ற தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, ஜூன் 18 அன்று முகாம்களைத் திறந்து 25,000க்கும் மேற்பட்ட வட கொரியக் கைதிகளை வெளியே விட்டார். பதிலுக்கு ஜூலையில் சீனா கும்சோங்கில் பெரும் தாக்குதல் நடத்தியது. கையெழுத்துக்குச் சில நாட்களே இருந்தபோது அத்தனை பேர் செத்ததை நினைத்தால் தாங்க முடியவில்லை. அப்புறம், மீதிக் கைதிகளைக் காக்கும் பொறுப்பு ஜெனரல் திம்மையா தலைமையிலான ஆணையத்துக்கும் இந்தியக் காவல்படைக்கும் வந்தது. கொரியாவின் இரு பக்கமும் வேண்டாம், சீனாவும் தைவானும் வேண்டாம் என்ற 88 பேர் நம் வீரர்களோடு கப்பலேறி 1954 பிப்ரவரியில் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

ஸ்டாலினின் சாவு ஏன் இவ்வளவு வேகமாக வேலை செய்தது? சோவியத் விமானிகள் ரகசியமாகப் பறந்தார்களே தவிர, வெளிப்படையாக அந்நாடு போரில் இல்லை. ஸ்டாலினுக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த மாலென்கோவும் பெரியாவும் மற்றவர்களும் கொரியாவை விட்டு விலகினால் அவர்களுடைய மண் ஒரு அடி குறையாது, நாட்டில் யாரும் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள். தலைவர் அந்தப் போரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாரோ, அவருக்குப் பின் வந்தவர்கள் கைகழுவுவதும் அவ்வளவு சுலபமாக இருந்தது.

சலாசரை எடுத்துக்கொள்ளுங்கள். 36 ஆண்டுகள் போர்ச்சுகலை ஆண்டவர். 1968இல் நோயில் விழுந்து பதவி போயிற்று, 1970இல் இறந்தார். போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, கினி பிசாவு, மொசாம்பிக்கில் நடந்த விடுதலைப் போர்கள் நிற்கவில்லை. அந்தப் போர்கள் அதற்குள் ராணுவத் தலைமைக்கும் குடியேறிகளுக்கும் ஆட்சியின் மானத்துக்கும் சொந்தமாகிவிட்டிருந்தன. பின்னால் வந்த கயெத்தானோவும் அவற்றைத் தொடர்ந்தார். 1974 ஏப்ரலில், அந்தப் போர்களில் சண்டையிட்டுச் சலித்த இளம் அதிகாரிகளே ஆட்சியைக் கவிழ்த்து முடிவுக்கு வழி செய்தார்கள். சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் 1982இல் இறந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசி சோவியத் படை வெளியேற 1989 பிப்ரவரி ஆயிற்று. படையை அனுப்பும் முடிவில் அவரோடு இருந்த ஆந்த்ரபோவ்தான் அடுத்து வந்தார்.

ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் பதில் இல்லை. அந்தப் போர் அவர் ஒருவருடைய பிடிவாதத்தில் நிற்கிறதா, அவரைச் சுற்றியிருப்பவர்களின் வாழ்வும் பதவியும் அதில் கலந்துவிட்டனவா என்று பார்க்கவேண்டும்.

சாவு நெருங்குவதே ஒரு போரைத் தொடங்கிவைப்பதும் உண்டு. தொலைக்காட்சியில் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1975 அக்டோபரில் ஸ்பெயினின் ஃபிராங்கோ படுத்த படுக்கையானார். தன் ஆப்பிரிக்கக் காலனியான மேற்கு சஹாராவின் மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வாக்கெடுப்பு தருவதாக ஸ்பெயின் உறுதியளித்திருந்த நேரம் அது. மாட்ரிட் தடுமாறுவதை மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் பார்த்தார். நவம்பர் 6 அன்று லட்சக்கணக்கான மக்களை எல்லை தாண்டி நடக்கவைத்தார். நவம்பர் 14 அன்று அந்த நிலத்தை மொராக்கோவுக்கும் மௌரிடானியாவுக்கும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் கையெழுத்திட்டது. ஆறு நாள் கழித்து ஃபிராங்கோ இறந்தார். மேற்கு சஹாராவின் விடுதலைக்காகப் போராடிய பொலிசாரியோ இயக்கத்துடன் மூண்ட போர் 1991 வரை நடந்தது, அந்தப் போர்நிறுத்தமும் 2020இல் முறிந்தது. அன்று தப்பியோடிய சஹ்ராவி (மேற்கு சஹாரா மக்கள்) குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அல்ஜீரியாவின் டிண்டூஃப் முகாம்களில்தான் பிறந்து வளர்ந்தார்கள். வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை.