ஐம்பதுக்கு மேல் ஒப்பனை: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: எனக்கு 56 வயது, மாநிறம். அடுத்த மாதம் மகளுக்குக் கோயிலில் கல்யாணம். போன தீபாவளிக்கு ஒரு கடைத்தொகுதியில் 89 வெள்ளி கொடுத்து ஃபவுண்டேஷன் வாங்கினேன். காலையில் போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. மதியம் விருந்தாளிகள் வரும் நேரத்தில் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக வெடித்து, முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது, கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கடையில் கேட்டால் அவர்களுடைய ப்ரைமரும் (ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பவுடரும் சேர்த்துப் போட்டால் சரியாகும் என்கிறார்கள், அது இன்னும் 120 வெள்ளி. வாங்கலாமா? (யீஷூன் வாசகி)

பதில்: வாங்க வேண்டாம், அக்கா. உங்கள் முகத்தில் இருக்கிற பொருளே அதிகம், அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றினால் வெடிப்புதான் கூடும்.

மாதவிடாய் நின்ற பிறகு முதல் 5 ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எண்ணெய்ப் பசையும் குறைந்துவிடும். முப்பது வயதில் முகத்தில் ஊறுகிற எண்ணெய் ஃபவுண்டேஷனோடு கலந்து அதை இளக்கமாகவே வைத்திருந்தது, இப்போது அந்த எண்ணெய் இல்லை, இருக்கிற கொஞ்சத்தையும் பவுடர் உறிஞ்சிக்கொள்கிறது, நாம் சிரிக்கச் சிரிக்க, பேசப் பேச, காய்ந்த பூச்சு சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிங்கப்பூரில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியே வியர்வை, உள்ளே ஏர்கான். ஒரே நாளில் முகம் நாலு தடவை நனைந்து நாலு தடவை காய்கிறது.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் வேறு, அது ஷேட் தவறு, அதாவது வாங்கிய நிறம் உங்கள் தோலுக்குப் பொருந்தவில்லை. நம்மில் பெரும்பாலோருக்குத் தோலின் அடியில் மஞ்சள் அல்லது பொன் சாயல் இருக்கும். அதன் மேல் இளஞ்சிவப்புச் சாயல் உள்ள ஃபவுண்டேஷனையோ, "கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே" என்று ஒரு படி வெளிறியதையோ பூசினால் முகம் செத்துப்போய்விடும். நம் நிறத்துக்கு ஷேட் கிடைக்காமல் தவித்த காலம் ஒன்று உண்டு. 2017-ல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் வரிசையை நீட்டிவிட்டன. மேக் (MAC) நிறுவனத்தின் ஃபவுண்டேஷன் வாங்குவதானால் என்சி (NC) என்று தொடங்குவது பொன் சாயல் தோலுக்கு, என்டபிள்யூ (NW) என்பது இளஞ்சிவப்புச் சாயலுக்கு, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷேட் பார்க்கும் விதம் இதுதான், தயவுசெய்து இதில் சோம்பல் படாதீர்கள். மணிக்கட்டில் தடவிப் பார்க்காதீர்கள், கையின் நிறம் வேறு. தாடை எலும்பும் கழுத்தும் சேருகிற இடத்தில் மூன்று ஷேடுகளை விரல் நகம் அளவுக்குக் கோடாக இழுங்கள். கடைக்குள் இருக்கிற மஞ்சள் விளக்கில் மூன்றுமே பொருந்துகிற மாதிரிதான் தெரியும். கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே வெயில் வெளிச்சத்துக்கு வாருங்கள். வந்ததும் முடிவு செய்யாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு 20 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் சில ஃபவுண்டேஷன் காற்றுப் பட்டதும் கறுத்து ஆரஞ்சாக மாறும். நான் இப்படித்தான் தேக்காவில் ஐந்தடி நடைபாதையில் கண்ணாடியோடு நின்று பார்ப்பேன். முதலில் பிடித்துப்போன கோடு பெரும்பாலும் தோற்றுவிடும், நடுக்கோடு தோலோடு கலந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போயிருக்கும். காணாமல் போகிற கோடுதான் உங்கள் ஷேட். இரண்டு ஷேடுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சற்று அடர்த்தியானதை எடுங்கள். கவுண்டரில் சின்ன டப்பாவில் மாதிரி கேட்டால் பல இடங்களில் தருவார்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பழைய புட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றால், திறந்து பயன்படுத்திய பிறகு "பிடிக்கவில்லை" என்பதற்காகப் பணம் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பொருளிலேயே குறை இருந்தால், உதாரணமாக எண்ணெய் பிரிந்து நாற்றம் அடித்தால், அது வேறு கதை. குறையுள்ள பொருளை வாங்கியவர்களுக்காக 2012-லிருந்து நடப்பில் உள்ள 'லெமன்' சட்டப்படி 6 மாதத்துக்குள் தெரிகிற குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும்.

இனி போடும் முறை. முகம் கழுவி ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் புடவை மடிப்பு எடுக்கலாம். அப்புறம் சன்ஸ்கிரீன், திரும்பவும் ஐந்து நிமிடம். அவசரப்பட்டால் அழுக்கு உருட்டுகிற மாதிரி திரி திரியாக உருண்டு வரும். கண்ணுக்குக் கீழேயும் வாயோரத்திலும் கறுப்பு இருந்தால் வெளிறிய கன்சீலர் (கறுப்பை மறைக்கும் பூச்சு) போடாதீர்கள், அதுதான் சாம்பலாகத் தெரியும். பீச் அல்லது ஆரஞ்சு நிறக் கரெக்டரை அரிசி மணி அளவு எடுத்து மோதிர விரலால் ஒற்றுங்கள், இழுக்கக் கூடாது. ஃபவுண்டேஷன் முகம் முழுக்கத் தேவையே இல்லை. மூக்கைச் சுற்றி, கன்னத்தின் நடுவில், மங்கு இருந்தால் அதன் மேல், அவ்வளவுதான். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி ஓரங்களைக் கரைத்துவிடுங்கள். பவுடர் நெற்றி, மூக்கு, மேலுதடு ஆகிய வியர்க்கிற இடங்களில் மட்டும். கண்ணுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ப்ளஷ் பவுடராக இல்லாமல் க்ரீமாக இருக்கட்டும்.

கண்ணுக்கு மினுமினுப்பு ஷேடோ வேண்டாம், இமையின் சுருக்கத்தை அது எடுத்துக்காட்டும். மங்கலான பழுப்பு போதும். மையைக் கீழிமையில் கனமாக இழுத்தால் கண் இறங்கித் தெரியும், மேலிமை ரோமத்தின் வேரோடு ஒட்டி ஒரு கோடு போட்டால் கண் எழும்பும். ஹோமப் புகையில் கண் கரிக்கும், தாலி கட்டும்போது நீங்கள் அழாமல் இருக்கப்போவதும் இல்லை, அதனால் மையும் மஸ்காராவும் தண்ணீரில் கரையாததாக இருக்கட்டும். பணம் செலவழிக்கத் தகுந்த இடம் அது. கண்ணீர் வந்தால் டிஷ்யூவை மடித்து ஒற்றி எடுங்கள், தேய்த்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒருநாள் அன்றைக்குக் கட்டப்போகிற பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு முழு ஒப்பனையும் செய்து, இருட்டு அறையில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். சிலிக்கா கலந்த பவுடரும் துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீனும் நேரில் தெரியாது, ஃபிளாஷில் முகம் வெள்ளை வெளேரென்று மாவு பூசிய மாதிரி வந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் அதைப் பார்ப்பதைவிட வீட்டில் பார்ப்பது மேல்.

கேள்வி: என் ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் 30 போட்டிருக்கிறது. தனியாக சன்ஸ்கிரீன் வாங்க வேண்டுமா? வேலையும் உள்ளேதான், வெயிலில் நிற்பதில்லை. வயது 61. (தெம்பனிஸ் வாசகி)

பதில்: வாங்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது வெயிலில் தோல் எரியாமல் காக்கும் அளவு. அந்த 30 என்ற எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிச் சோதித்தது. அந்த அளவுக்கு ஃபவுண்டேஷன் பூசினால் 30 மி.லி. புட்டி ஒரு மாதம்கூட வராது, முகமும் முகமாக இருக்காது. சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் தடவுங்கள். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தாலே வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியாக வரும், மங்கும் கரும்புள்ளியும் அதிலும் கூடுகின்றன. ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் லிப்ஸ்டிக்கைக்கூட விட்டுவிட்டு சன்ஸ்கிரீனைத்தான் சொல்வேன். எஸ்பிஎஃப் 30-க்கு மேல், யுவிஏ பாதுகாப்பைக் காட்டும் பிஏ (PA) குறியில் மூன்று பிளஸ்ஸாவது இருக்கட்டும். விலை உயர்ந்ததைச் சிக்கனமாகத் தடவுவதைவிட மலிவானதைத் தாராளமாகத் தடவுவது நல்லது.

கேள்வி: தோழி சொல்லி வாட்ஸ்ஆப்பில் ஒருவரிடம் மங்குக்கு க்ரீம் வாங்கினேன், டப்பா 35 வெள்ளி. மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்பைவிடக் கறுப்பாக வந்து எரிகிறது. விற்றவர் "தொடர்ந்து போடுங்கள்" என்கிறார். வயது 52. (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள், டப்பாவை மட்டும் தூக்கி எறியாதீர்கள். மூன்று வாரத்தில் மங்கு மறைகிறது என்றால் அதில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட க்ரீம்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பேரப்பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்தால் குழந்தைக்கும் ஒட்டும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் எழுதிக்கொடுத்து, அவர் பார்வையில் போட வேண்டிய மருந்து.

டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பலதுறை மருந்தகத்தில் பார்த்து அங்கிருந்து தேசியத் தோல் நிலையத்துக்குக் கடிதம் வாங்கிப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அப்புறம் ஆணையத்துக்கும் தெரிவியுங்கள், உங்கள் தோழியும் அதைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறார்.

இனிமேல் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எங்கே தயாரித்தது, விற்பவர் பெயர், முகவரி, தொகுதி எண், இதில் எது இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். "ஆணையத்தில் பதிந்தது" என்று சொன்னாலும் முழுதாக நம்ப வேண்டாம். இங்கே ஒப்பனைப் பொருளை விற்கும் நிறுவனம் முன்கூட்டியே ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அறிவித்ததாலேயே ஆணையம் சோதித்து ஒப்புதல் தந்தது என்று அர்த்தமில்லை.

கேள்வி: 38 வெள்ளி ஃபேஷியல் சலுகை என்று ஒரு அழகு நிலையத்துக்குப் போனேன். முகத்தில் மாஸ்க் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, "உங்கள் தோல் 70 வயதுத் தோல் மாதிரி இருக்கிறது" என்று ஒரு மணி நேரம் பேசிப் பேசி 2,400 வெள்ளி பேக்கேஜில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நேற்றுத்தான் நடந்தது. வீட்டில் சொல்லவில்லை. (ஜூரோங் வாசகி, 58)

பதில்: முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். நீங்கள் தப்பு செய்யவில்லை. கண்ணில் பஞ்சை வைத்துப் படுத்திருப்பவரிடம் வயதைச் சொல்லிப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கியவர்கள்தான் தப்பு செய்தவர்கள். நேற்றுதான் என்பதால் நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது.

ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். அந்த நிலையம், பயனீட்டாளர் சங்கம் தருகிற 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் பெற்ற ஸ்பாவாக இருந்தால் யோசித்துப் பார்க்கக் குறைந்தது 5 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் ரத்து செய்தால் பயன்படுத்தாத பகுதிக்குப் பணம் திரும்ப வரும். அதனால் இன்றே எழுத்தில், மின்னஞ்சலாக, "ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று இரண்டே வரி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், நேரில் வரச் சொன்னால் தனியாகப் போகாதீர்கள். அங்கீகாரம் இல்லாத இடமாக இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. அளவுக்கு மீறி நெருக்கி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் நியாயமற்ற செயல். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம், அதுதான் 'கேஸ்', புகார் கொடுத்தால் அவர்கள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதிலும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். என்ன பேசினார்கள், யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு என்று மறப்பதற்குள் இன்றிரவே எழுதிவையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. நாற்பது வருடமாக ஸ்டிக்கர் பொட்டு. இப்போது பொட்டு வைக்கிற இடத்தில் வெள்ளையாகத் தழும்பு மாதிரி இருக்கிறது. அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக வைக்கிறார். என்ன செய்வது? (பிடோக் வாசகர்)

பதில்: பெரிய பொட்டு வைத்தால் வெள்ளையும் பெரிதாகும், தம்பி. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும், அது தோலுக்கு நிறம் தருகிற அணுக்களைக் கொல்லக்கூடியது. வேறு கம்பெனி ஸ்டிக்கருக்கு மாறிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், பசை உள்ள எதுவுமே வேண்டாம். தோல் மருத்துவரிடம் சீக்கிரம் காட்டுங்கள், வெள்ளையாவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

அம்மாவிடம் பொட்டை எடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்க மாட்டார், மனமும் நோகும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, மெரூன் நிற லிப் பென்சில் ஒன்று வாங்கிக்கொடுங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்து ஒரு வாரம் பாருங்கள், அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் நெற்றியில் வைக்கலாம். வெள்ளையான இடத்துக்குச் சற்று மேலே வைக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் காலையில் நீங்களே வைத்துவிடுங்கள்.