கார்னெட்டைச் சுற்றிய கருவளையம் துருவா?

கேள்வி: கீழக்கரையில் ஆசிரியராக இருக்கிறேன். ராணுவத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், லடாக்கின் சோ மொராரி ஏரிப் பக்கமிருந்து ஒரு கல் கொண்டுவந்து தந்தார். பச்சைக் கல்லில் சிவப்பு மணிகள். ஒவ்வொரு மணியையும் சுற்றிக் கறுப்பு வளையம். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டதா? உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கண்காட்சியில் வைக்கலாமா?

பதில்: தேய்க்க வேண்டாம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரிக்கும்தான், ஆனால் உங்கள் கல்லின் சிவப்பு மணிகளிடம், அதாவது கார்னெட் என்ற கனிமத்திடம், அதன் பாச்சா பலிக்காது. துரு என்றால் செம்பழுப்பாக இருக்கும், ஊசியால் சுரண்டினால் பொடியாக உதிரும். உங்கள் கல்லில் உள்ள வளையம் உள்ளே புதைந்த மணிகளிலும் இருக்கும். (அதற்காக உடைத்துப் பார்க்க வேண்டாம்!)

இடத்தையும் நிறத்தையும் பார்த்தால் இது எக்லோகைட் என்ற பாறையாகத்தான் இருக்க வேண்டும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டின் வடக்கு விளிம்பு ஆசியாவுக்கு அடியில் சொருகியபோது, அதிலிருந்த பசால்ட் வகை எரிமலைப் பாறையும் கூடவே கீழே போனது. அங்குள்ள அழுத்தத்தில் சிவப்புக் கார்னெட்டும் ஓம்ஃபசைட் என்ற பச்சைக் கனிமமும் உருவாயின. சோ மொராரி கார்னெட்டுகளுக்குள் கோயசைட் (அதிக அழுத்தத்தில் குவார்ட்ஸ் எடுக்கும் அடர்த்தியான வடிவம்) கிடைத்திருக்கிறது. குவார்ட்ஸ் கோயசைட்டாக மாற ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஆழமாவது போயிருக்க வேண்டும்.

எக்லோகைட் கனமானது, தானாக மேலே வராது. மிதப்புக் கட்டை ஈயக்குண்டைத் தாங்குவதுபோல, சுற்றியிருந்த, நைஸ் (gneiss) எனப்படும் இலேசான பாறைதான் இதைத் தூக்கிவந்தது.

அழுத்தம் குறைந்தாலே கனிமங்கள் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியிருந்தால் தரைக்கு ஒரு எக்லோகைட்கூட வந்து சேராது. மாற்றம் நடக்கத் தண்ணீர் வேண்டும். மேலே வரும் வழியில் விரிசல்களிலும் மணிகளின் ஓரங்களிலும் நீர் கசிந்த இடத்தில்தான் கார்னெட்டும் ஓம்ஃபசைட்டும் வினைபுரிந்து ஆம்ஃபிபோல், பிளாஜியோகிளேஸ் என்ற வேறு கனிமங்கள் ஆகின்றன. நீங்கள் பார்க்கும் கறுப்பு அந்த ஆம்ஃபிபோல். ஓம்ஃபசைட்டும் நுண்ணிய இழைகளாகச் சிதைந்து பச்சை மங்கும். நீர் தாராளமாகக் கிடைத்திருந்தால் கல் முழுவதும் ஆம்ஃபிபோல் நிறைந்த ஆம்ஃபிபோலைட் பாறை ஆகியிருக்கும். வேகமாக மேலே வந்ததாலும் நீர் போதாததாலும் உங்கள் கல்லில் மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. கோயசைட்டுக்குக் கார்னெட்டே காவல். அதையும் மீறிக் குவார்ட்ஸாக மாறினால் சுமார் 10 சதவீதம் பருத்து, கார்னெட்டில் நாலாபுறமும் விரிசல் விழும். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மாணவர்களே கணக்கிடலாம். கல்லை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குடிதண்ணீர் (கல் மூழ்கும்போது வழியாத அளவுக்கு) ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எடையால் வகுங்கள். 3.4-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் பெரும்பகுதி இன்னும் எக்லோகைட்தான், 3.1-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஆம்ஃபிபோலைட் ஆகிவிட்டது.